மயங்க வைத்தலும் மருத்துவ உரைநடையும்: நூற்குற்ற நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ்த் திறனாய்வு கவிதையையும் புனைகதையையும் தனக்குரிய களமாக ஏற்றுக்கொண்ட அளவிற்குப் பயன்பாட்டு உரைநடையை ஏற்கவில்லை. சட்ட ஆவணம், அரசாணை, மருந்துக் குறிப்பு, ஆய்வறிக்கை ஆகியன மொழியால் ஆனவை எனினும், அவற்றை மொழிநோக்கில் மதிப்பிடும் பணி அந்தந்தத் துறையினரிடமே விடப்பட்டுள்ளது. இவற்றுள் மருத்துவ உரைநடை தனித்த கவனத்திற்குரியது. ஒரு கவிதையைத் தவறாகப் பொருள்கொள்ளும் வாசகன் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். மருத்துவத் தொடர் ஒன்றைத் தவறாகப் பொருள்கொள்பவனுக்கு அந்த வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

மருத்துவத்தில் தெளிவாக எழுதுதல் நடையழகு சார்ந்த விருப்பமாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையைக் கண்டறிவது அறிவியலின் வேலை, அதைச் சொல்வது அதன்பின் வரும் எளிய வேலை என்னும் எண்ணம் இதற்கு அடிப்படையாகும். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மருத்துவ வரலாற்றிலிருந்து இரு நிகழ்வுகளும், இந்தியச் சூழலிலிருந்து இரு நிகழ்வுகளும், தமிழ் மருத்துவ உரைநடையின் வளர்ச்சியும் இங்கு ஆய்வுப்பொருளாகின்றன. தமிழ் இலக்கண மரபு வகுத்த நூற்குற்றங்களே அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

நூற்குற்றம் என்னும் அளவுகோல்

நூலுக்குரிய குற்றங்கள் பத்து எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் தொகுத்துரைத்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் முதலியன குற்றங்கள். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைப்பு முதலியன அழகுகள்.

இவ்விரு பட்டியல்களையும் மாணவர் மனனம் செய்யும் பகுதியாகவே தமிழ்க் கல்வி நடத்திவந்துள்ளது. இவை செய்யுள் நூலுக்கு மட்டும் உரியவை என்னும் மயக்கமும் உண்டு. ஆயின் பாயிரம் பேசுவது பொதுவாக அறிவுநூலைப் பற்றியது. ஒரு பொருளை ஒருவர் மற்றொருவருக்கு அறிவிக்கும்போது எங்கெங்குப் பிழை நேரும் என்பதே அதன் ஆய்வு. குன்றக் கூறினால் கேட்போனுக்கு வேண்டியது கிடைப்பதில்லை. மிகைபடக் கூறினால் வேண்டியது வேண்டாததற்குள் புதைகிறது. மயங்க வைத்தால் ஒரு சொல் இரு பொருளுக்கு இடந்தந்து கேட்போனைத் தவறான வழியில் செலுத்துகிறது. மூன்று குற்றங்களுமே கேட்போன் நிலையிலிருந்து வரையறுக்கப்பட்டவை. எழுதியவன் தெளிவாக எழுதியதாக எண்ணுவது இங்குக் கணக்கில் வருவதில்லை. மருத்துவ எழுத்தை மதிப்பிட இதனினும் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது.

பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலும் ஒரு நூலின் தோல்வியும்

வியன்னாப் பொது மருத்துவமனையில் இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவரும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் தாய்மார் இறப்பு 11.4 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 2.8 விழுக்காடு. பிணக்கூறாய்வு அறையிலிருந்து நேராக வரும் மாணவரின் கைகள் நோயைக் கொண்டுவருகின்றன என்று உணர்ந்த இக்னாஸ் செம்மல்வைஸ், 1847ஆம் ஆண்டு மே மாதத்தில் குளோரின் கரைசலால் கைகழுவும் முறையைக் கட்டாயமாக்கினார். 1848இல் முதற்பிரிவின் இறப்பு 1.27 விழுக்காடாகக் குறைந்தது.

இத்தகைய சான்று கையிலிருந்தும் அவர் உடனே எழுதவில்லை. தொடக்க அறிவிப்புகளை நண்பர்களே சுருக்கமாக வெளியிட்டனர். அவ்வறிவிப்புகள் பிணத்திலிருந்து ஒட்டும் பொருளை முன்னிறுத்தியமையால், பிணக்கூறாய்வு நடைபெறாத இடங்களில் இக்கொள்கைக்கு இடமில்லை என்று பலர் கருதினர். செம்மல்வைஸ் கருதியதோ அதனினும் விரிவானது. அழுகும் எந்த உயிர்ப்பொருளும், நோயுற்ற உயிருள்ள உடலிலிருந்து வருவது உட்பட, காய்ச்சலை விளைவிக்கும் என்பதே அவர் கொள்கை. குன்றக் கூறலால் விளைந்த இந்த மயக்கத்தை நீக்க வேண்டிய அவருடைய நூல் 1861ஆம் ஆண்டைத் தாங்கியே வெளிவந்தது. ஐந்நூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட அந்நூலில் அட்டவணைகளின் ஆற்றல் மறுக்கவியலாதது. எனினும் அதன் பெரும்பகுதி எதிர்ப்பாளர் ஒவ்வொருவரையும் மறுப்பதிலும் கூறியதையே கூறுவதிலும் கழிந்தது. மற்றொன்று விரித்தல் என்னும் குற்றத்திற்கு அறிவியல் வரலாற்றில் இதனினும் துயரமான எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது. நூலை அடுத்து வந்த திறந்த மடல்கள் எதிர்ப்பாளரைக் கொலைகாரர் என்றே சாடின.

அவர் கொள்கை ஏற்கப்படாமைக்கு நடை ஒன்றே காரணம் என்று கூறுதல் மிகையாகும். காற்றின் கேட்டால் நோய் பரவுகிறது என்னும் அக்கால நம்பிக்கையும், தம் கைகளே கொன்றன என்பதை ஏற்க மருத்துவர்க்கு இருந்த தயக்கமும் காரணங்களே. ஆயின் இத்தகைய எதிர்ப்பு இருக்கும் இடத்தில்தான் தெளிவின் தேவை மிகுதியாகிறது. இலண்டனில் ஜான் ஸ்னோ 1855இல் வெளியிட்ட காலரா நூலை இதனோடு ஒப்பிடலாம். கழிவுநீர் கலந்த தேம்சு நீரை வழங்கிய நிறுவனத்தின் வீடுகளில் பத்தாயிரம் வீட்டிற்கு 315 இறப்புகளும், தூய நீரை வழங்கிய நிறுவனத்தின் வீடுகளில் 37 இறப்புகளும் நேர்ந்தமையை அவர் ஓர் அட்டவணையில் நிறுத்தினார். ஸ்னோவும் தம் வாழ்நாளில் முழு ஏற்பைப் பெறவில்லை. தெளிவு உடனடி வெற்றிக்கு உறுதி தருவதில்லை என்பதை இது காட்டுகிறது. எனினும் பின்வந்தோர் எடுத்துச் சரிபார்க்கத்தக்க வடிவில் உண்மையை வைத்துச்செல்ல அது உதவுகிறது.

பெயரிடலில் மறையும் தீங்கு

செம்மல்வைஸின் குற்றம் அறியாது நேர்ந்தது. மயக்கம் எழுதுவோர்க்குப் பயன்படுவதாய் அமையும் நிலை வேறு. இளம்பருவத்தினரின் மனச்சோர்வுக்குப் பாராக்செட்டின் என்னும் மருந்தை ஆராய்ந்த 329ஆம் எண் ஆய்வு இதற்குச் சான்று. கிளாக்சோஸ்மித்க்லைன் நிறுவனத்தின் நிதியுதவியுடன் 275 இளையோரிடம் நடத்தப்பெற்ற இவ்வாய்வு, 22 பேரை ஆசிரியர்களாகக் காட்டி 2001இல் அமெரிக்கக் குழந்தைகள் உளமருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. மருந்து பயன் தருவது, பெரும்பாலும் தாங்கத்தக்கது என்பது கட்டுரையின் முடிவு.

இவ்வாய்வின் மூலத்தரவுகளைப் பின்னர்ப் பெற்று வேறொரு குழுவினர் மறுஆய்வு செய்து 2015இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். மருந்து பயனற்றது என்றும் தீங்குகள் மிகுந்தவை என்றும் அவர்கள் கண்டனர். இடைப்பட்ட காலத்தில், 2003ஆம் ஆண்டிலேயே, பதினெட்டு வயதிற்குட்பட்டோரின் மனச்சோர்வுக்கு இம்மருந்தைத் தரலாகாது எனப் பிரித்தானிய அரசு அறிவுறுத்தியிருந்தது. பதினெட்டு வயதிற்குட்பட்டோர்க்கு இம்மருந்தைப் பரிந்துரைக்கச் செய்தமை உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் நிறுவனம் 2012இல் அமெரிக்க அரசுக்கு 300 கோடி டாலர் செலுத்த இசைந்தது.

திறனாய்வாளன் இங்குக் கவனிக்க வேண்டியது ஒரு சொல்லை. தற்கொலை எண்ணமும் தற்கொலை முயற்சியும் 2001ஆம் ஆண்டுக் கட்டுரையில் ‘உணர்ச்சி நிலையின்மை’ எனப் பொருள்படும் ஒரு வகைப்பாட்டின்கீழ் அடக்கப்பட்டிருந்தன. அட்டவணையில் எண் இருந்தது. எண்ணுக்குரிய பொருள் இல்லை. அழுகையும் எரிச்சலும் மனமாற்றமும் குறிக்கத்தக்க ஒரு சொல், உயிரைப் போக்கிக்கொள்ளும் முயற்சியையும் குறிக்குமாறு விரிக்கப்பட்டது. கட்டுரையைப் படித்து மருந்தெழுதிய மருத்துவர், பொய் சொல்லப்பட்டதாக எந்த ஒரு தொடரையும் சுட்டியிருக்க இயலாது. மயங்க வைத்தல் என்னும் குற்றம் பொய்யுரைத்தலினின்று வேறானது என்பதும், சில சமயம் அதனினும் கேடானது என்பதும் இதனால் விளங்கும். பொய்யை மறுக்கலாம், பொதுச்சொல்லை மறுக்க முதலில் அதைத் திறந்து பார்க்க வேண்டும். இவ்வாய்வில் அதற்குப் பதினான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஆய்வறிக்கைகளில் எவற்றைக் கூறாமல் விடலாகாது என வரையறுக்கும் கான்சார்ட் நெறிகள் 1996இல் தோன்றி, 2001, 2010, 2025 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்றன. மருத்துவச் சோதனைகளை முன்கூட்டியே பதிவுசெய்யும் இந்தியப் பதிவேடு 2007இல் தொடங்கி, 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் கட்டாயமாக்கப்பட்டது. இவை குன்றக் கூறலுக்கு எதிரான ஏற்பாடுகளே. சொல்லின் மயக்கத்தை நெறிமுறைப் பட்டியலால் மட்டும் தடுத்துவிட முடியாது. அதற்கு விழிப்புள்ள வாசிப்பு வேண்டும்.

ஒப்புதலின் சொற்கள்

மேற்கண்ட இரு நிகழ்வுகளிலும் வாசகர் மருத்துவரே. நோயாளியே வாசகராகும் இடம் ஒப்புதல் படிவம். அறுவை சிகிச்சைக்கும் ஆய்வில் பங்கேற்பதற்கும் முன்பு கையெழுத்திடப்படும் இவ்வாவணத்தில் தெளிவு உரிமையாகிறது.

2008ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று இவ்வகையில் முதன்மையானது. நோயறியும் பொருட்டு உள்நோக்குக் கருவிச் சோதனைக்கு ஒப்பிய பெண் ஒருவர்க்கு, மயக்க நிலையில் இருக்கும்போதே கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. படிவத்தில், சோதனையோடு சிகிச்சையும் செய்யப்படலாம், வயிற்றைத் திறக்க நேரலாம் என்னும் அளவிலான குறிப்புகள் இருந்தன. அச்சொற்கள் உறுப்புகளை அகற்றுவதற்கான ஒப்புதலாகா என்று நீதிமன்றம் தீர்த்தது. ஒரு படிவத்தின் சில சொற்கள் எவ்வளவு பொருளைத் தாங்கும் என்பதே அவ்வழக்கின் மையம். உரையாசிரியர்கள் சூத்திரத்தின் சொல்லை நிறுத்துப் பார்ப்பதுபோல் நீதிபதிகள் அச்சொற்களை நிறுத்துப் பார்த்தனர். அறுவை மேடைக்குச் செல்லுமுன் அவற்றை அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் வாய்ப்பு நோயாளிக்குக் கிடைக்கவில்லை.

2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பள்ளிச் சிறுமியர்க்குச் செலுத்தப்பட்டது. இது செயல்விளக்கத் திட்டம் என்று பெயர் பெற்றிருந்தது. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அக்காலத்தில் நேர்ந்த இறப்புகள் தடுப்பூசியால் விளைந்தவையாகத் தோன்றவில்லை என விசாரணைக் குழு கண்டது. தடுப்பூசியின் தன்மை இங்கு வினாவன்று. வினா ஒப்புதலைப் பற்றியது. 2013இல் நாடாளுமன்றக் குழு அளித்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் 9,543 படிவங்களுள் 1,948 கைந்நாட்டு இடப்பெற்றவை. 2,763 விடுதிக் காப்பாளர்களால் கையெழுத்திடப்பெற்றவை. கைந்நாட்டு வைத்த பெற்றோர்க்கு அப்படிவம் எழுத்தாக எந்தப் பொருளையும் தந்திருக்காது. அவர்கள் அறிந்தது யாரேனும் வாயால் சொன்னதை மட்டுமே. எனவே இந்தியச் சூழலில் மருத்துவ ஒப்புதல் உரைநடை, வாய்விட்டுப் படிக்கும்போது செவிக்கு விளங்கும் உரைநடையாக அமைதல் இன்றியமையாதது. மையப்பணி மௌன வாசிப்புக்கு எழுதிய தொடரை அங்கன்வாடிப் பணியாளர் உரக்கப் படிக்கும்போது அது பொருளற்ற ஓசையாகிவிடும்.

பரிபாஷையும் கிறீனின் தேர்வும்

தமிழில் மருத்துவம் சொல்லும் மரபு நெடியது. சித்த மருத்துவ நூல்கள் பெரும்பாலும் செய்யுள் வடிவின. மனனத்திற்கு ஏற்ற வடிவம் அது. அவற்றில் பொருளை மறைத்துக் கூறும் பரிபாஷையும் பயின்றுவருகிறது. முப்பு என்னும் ஒரு சொல்லுக்கே அறிஞரிடையே பலவாறான விளக்கங்கள் நிலவுவதை யாவரும் அறிவர். மூலிகைப் பெயர்களிலும் இச்சிக்கல் உண்டு; கரிசாலை என்னும் பெயரில் வெள்ளைப் பூவுடைய செடியும் மஞ்சள் பூவுடைய செடியும் என இரு வேறு செடிகள் வழங்குகின்றன.

இம்மறைப்பைக் குற்றமென்று ஒரே சொல்லில் ஒதுக்குதல் முறையன்று. தகுதியற்றோர் கையில் மருந்து நஞ்சாகும் என்னும் அச்சமும், ஆசிரியர் வழியே கற்க வேண்டும் என்னும் ஒழுங்கும் அதற்குக் காரணங்கள். ஆசிரியர் அருகிலிருந்து பொருளுரைத்த காலத்தில் பரிபாஷை பூட்டாகவும் ஆசிரியர் திறவுகோலாகவும் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நூல்கள் அச்சேறி ஆசிரியரின்றி வாசகரிடம் சென்றபோது பூட்டு மட்டும் எஞ்சியது. ஒரே நூல் ஒரு சூழலில் காப்பாகவும் மற்றொரு சூழலில் மயங்க வைத்தலாகவும் ஆவதை இங்குக் காணலாம்.

இதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவப்பணி ஆற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1864 முதல் தமிழில் கற்பிக்கத் துணிந்தார். ஊரில் தங்கி ஊராரிடம் பேசி மருத்துவம் செய்வோர் உருவாக வேண்டும் என்பது அவர் நோக்கம். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875) முதலிய நூல்கள் இம்முயற்சியில் விளைந்தன. கலைச்சொல் தொகுதிகளும் தனியே வெளியிடப்பெற்றன.

இந்நூற்பெயர்களே கிறீனின் சொற்கொள்கையைக் காட்டுவன. ‘இரண வைத்தியம்’ அன்றைய மக்கள் அறிந்த சொற்களால் ஆனது. ‘அங்காதிபாதம்’ வடமொழி வழிப்பட்டது, கேட்டவுடன் விளங்காது, எனினும் உறுப்புகளை முறைப்படக் கூறல் என்னும் குறிப்பைத் தாங்குவது. ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைத்தது. தூய்மை நோக்கில் இவற்றைக் குறைகூறுவார் உளர். இன்று உடற்கூற்றியல், வேதியியல் என்னும் நல்ல தமிழ்ச் சொற்கள் நிலைபெற்றுவிட்டன என்பதும் உண்மையே. ஆயின் மாணவர்க்கு விளங்குவது எது என்னும் வினாவையே கிறீன் முதன்மையாகக் கொண்டார். அதற்கேற்ப மூன்று வேறு மூலங்களிலிருந்தும் சொல்லெடுக்க அவர் தயங்கவில்லை. தமிழ் மருத்துவ உரைநடை வரலாற்றில் அவர் பெறும் இடம் இத்தேர்வினால் அமைந்தது.

மீள்மொழிபெயர்ப்பின் எல்லை

கிறீனுக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கடந்த நிலையில், தமிழ் மருத்துவ உரைநடையை மிகுதியாக உருவாக்கும் இடங்களுள் ஒன்று ஆய்வு ஒப்புதல் படிவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பங்கேற்பாளர்க்கு விளங்கும் மொழியில் செய்தி தரப்படல் வேண்டும் என்கின்றன. இதன்படி ஆங்கிலப் படிவம் தமிழாக்கப்படுகிறது. தமிழாக்கம் சரியானதா என்பதை அறிய அதை மற்றொருவர் ஆங்கிலத்திற்கு மீளப்பெயர்த்து, மூலத்துடன் ஒப்பிடும் வழக்கம் பரவலாக உள்ளது.

இம்முறையில் ஓர் உள்முரண் இருக்கிறது. இவ்வகைப் படிவங்களின் நடையை ஒத்து அமைக்கப்பெற்ற பின்வரும் தொடரைக் காண்க: ‘இவ்வாய்வில் பங்கேற்பதன் வாயிலாகத் தங்களுக்கு நேரடியான நலன் கிடைக்கப்பெறும் என்பதற்கான எவ்வித உத்தரவாதமும் அளிக்கப்படவில்லை என்பது தங்களால் புரிந்துகொள்ளப்படுகிறது.’ இத்தொடரை ஆங்கிலத்திற்கு மீட்பது மிக எளிது. ஒவ்வொரு சொல்லும் தன் மூலத்தை நோக்கித் திரும்பிச் செல்லும். மீள்மொழிபெயர்ப்புச் சோதனையில் இது முழு வெற்றி பெறும். ஆயின் தமிழ்த் தொடராக இது பல இடங்களில் தவறுகிறது. உத்தரவாதம் அளிக்காதவர் யார் என்பது இல்லை. புரிந்துகொள்பவர் தம் புரிதலுக்குத் தாமே செயப்பாட்டு வினையாகிறார். எல்லாவற்றினும் முதன்மையானது எதிர்மறை நிற்கும் இடம். தமிழில் முற்றுவினை இறுதியில் வருவது. நீண்ட தொடரில் ‘நலன்’, ‘கிடைக்கப்பெறும்’, ‘உத்தரவாதம்’ என்னும் சொற்கள் செவியில் விழுந்த பின்னரே ‘இல்லை’ வருகிறது. நோயின் கவலையோடு கேட்பவர் முற்பகுதியையே மனத்திற் கொள்வார்.

இதனையே, ‘இந்த ஆய்வில் சேர்வதால் உங்கள் நோய் குணமாகும் என்று எங்களால் உறுதி கூற முடியாது. இதில் நாங்கள் அறிவது பின்னால் வரும் நோயாளிகளுக்கு உதவலாம்’ என்று எழுதலாம். இது மீள்மொழிபெயர்ப்பில் மூலத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்தாது, திருத்தம் கோரப்படக்கூடும். எனவே மீள்மொழிபெயர்ப்பு அளப்பது தமிழ்த் தொடர் ஆங்கிலத்திற்கு எவ்வளவு அணுக்கமானது என்பதை. தமிழ்க் கேட்பவர்க்கு எவ்வளவு அணுக்கமானது என்பதை அதனால் அளக்க இயலாது. சில சமயம் முன்னது மிகும் அளவிற்குப் பின்னது குறைகிறது. மயங்க வைத்தலுக்குச் சான்றிதழ் வழங்கும் முறையாக அது மாறிவிடுகிறது.

எளிய சொல்லே எப்போதும் தெளிவான சொல் என்று முடிவுகட்டுதலும் தவறு. சோதனை முடிவு ‘எதிர்மறை’ என்று கூறினால், கெட்ட செய்தி என்று கருதுவோர் உண்டு. அதற்கு மாற்றாக, ‘உங்களுக்குக் கிருமி இல்லை’ என்று எழுதினால் எளிமையிருக்கும், துல்லியமிராது. சோதனையில் தென்படாத கிருமி உடலில் இருக்கலாம். ‘இச்சோதனையில் கிருமி தென்படவில்லை’ என்பதே எளிமையும் உண்மையும் இயைந்தது. பங்கேற்பாளரைக் குழுக்களாகப் பிரிக்கும் முறைக்கு வழங்கும் ‘சமவாய்ப்பு’ என்னும் கலைச்சொல்லும் இத்தகையது. பொதுவழக்கில் அது யாவர்க்கும் நீதி என்னும் பொருளைத் தருவது. தமக்கும் புதிய மருந்து கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பை அது எழுப்பக்கூடும். ‘குலுக்கல்’ என்றால் பரிசு நினைவிற்கு வரும். ‘திருவுளச்சீட்டு’ என்றால் தெய்வத்தின் முடிவு என்னும் கருத்து நுழையும். ‘பூவா தலையா போட்டுப் பார்ப்பதுபோல்’ என்னும் வழக்கு, எவர் விருப்பமும் தலையிடாத தற்செயலைக் குறிக்க ஓரளவு பொருந்துகிறது. ஒரு சொல்லின் பின்னால் நிற்கும் வழக்கையும் குறிப்பையும் அறிந்து தேரும் இவ்வேலை, சொற்பொருள் பயின்றோர் செய்ய வேண்டியது. ‘மருந்துப்போலி’ என்னும் சொல் இத்தகைய தேர்வின் வெற்றி. மருந்தைப் போன்றது, மருந்து அன்று என்பதை அது தன் உறுப்புகளாலேயே உணர்த்திவிடுகிறது.

காண்டிகை என்னும் வடிவம்

தமிழ் மரபு குற்றங்களைச் சுட்டியதோடு நில்லாமல் விளக்கும் வடிவத்தையும் தந்துள்ளது. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றால் அமைவது காண்டிகையுரை. ஒப்புதல் படிவத்தை இவ்வடிவில் அமைக்க இயலும். முதலில் ஆய்வின் கருத்து இரண்டு தொடர்களில் கூறப்படும். அடுத்து அருஞ்சொற்கள் ஒவ்வொன்றாக விளக்கப்படும். அதன்பின் அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டு வரும். இறுதியில், ‘நடுவில் விலகலாமா?’, ‘விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்குமா?’, ‘தீங்கு நேர்ந்தால் செலவை யார் ஏற்பார்?’ என்பன போன்ற வினாக்களும் விடைகளும் அமையும்.

வினாவும் விடையும் எழுத்தைப் பேச்சாக்குகின்றன. கைந்நாட்டு வைப்போர்க்கும் அவை பயன்படும். கற்போனின் ஏற்கும் ஆற்றலை அறிந்து ஆசிரியன் உரைக்க வேண்டும் என்பது பாயிரத்தின் கருத்து. கேட்டதைத் தம் சொற்களில் திரும்பக் கூறுமாறு நோயாளியை வேண்டும் இன்றைய மருத்துவமுறை இதற்கு மிக அணுக்கமானது. புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய 2019ஆம் ஆண்டு விதிகள், புத்தம் புதிய மருந்துப் பொருளை எளிதில் பாதிப்புறும் நிலையினரிடம் சோதிக்குங்கால் ஒப்புதல் பெறும் நிகழ்வை ஒலி ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்கின்றன. பதிவுக்கருவி, படிவம் உரக்கப் படிக்கப்பட்டது என்பதை மெய்ப்பிக்கும். படித்தது விளங்கியதா என்பதைப் படிவத்தின் மொழியே தீர்மானிக்கும்.

முடிவுரை

மருத்துவத்தில் உண்மையைக் கண்டறிதலும் அதைச் சொல்லுதலும் இரு வேறு வேலைகள் என்னும் எண்ணம் மேற்கண்ட சான்றுகளால் நிலைபெறவில்லை. வியன்னாவில் கண்டறியப்பட்ட உண்மை, சொல்லப்பட்ட முறையால் தடையுற்றது. 329ஆம் எண் ஆய்வில் கண்டறியப்பட்ட தீங்கு, இடப்பட்ட பெயரால் மறைந்தது. ஒப்புதல் படிவத்திலோ சொல்லுதலைத் தவிர வேறு செயலே இல்லை. அங்குச் சொல் விளங்காதாயின் ஒப்புதல் நிகழவேயில்லை என்றே கொள்ளவேண்டும்.

மீள்மொழிபெயர்ப்புச் சான்றிதழோடு தமிழ்க் கேட்பவரைக் கொண்டு செய்யும் சோதனையும் படிவங்களுக்குக் கட்டாயமாதல் வேண்டும். மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்களில் மருத்துவத்துறை சாராத உறுப்பினர்க்கு இடமுண்டு. தமிழ்நாட்டிலும், தமிழர் சிகிச்சை பெறும் பெங்களூரு, திருவனந்தபுரம், மும்பை, தில்லி போன்ற நகரங்களிலும் தமிழ்த்துறையினர் அவ்விடங்களை நாடிப் பெறுதல் தகும். நூற்குற்றம் பத்தையும் தேர்வுக்காக மனனம் செய்த ஒருவர், ஒரு தாய் கைந்நாட்டு வைக்கப்போகும் தாளை அவள் வைக்குமுன் படித்துத் திருத்துவாராயின், அக்கல்விக்கு அதனினும் பெரிய பயன் இருத்தல் இயலாது.